எந்தப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவது

அந்தப் பையை மட்டும் காலால் தள்ளிவிடாதீங்க அம்மா. உள்ளே கல்யாணப் பத்திரிகை இருக்கு. இப்படி என் பக்கம் நகர்த்திவிடுங்க, போதும். ஊத்தங்கரையில் இவ்வளவு கூட்டம் ஏறும் என்று நான் நினைக்கவில்லை. நல்லவேளை, நீங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தீங்க. செங்கத்தில் ஏறினதிலிருந்து பேச ஆளில்லாமல் வாய் புளித்துப்போய்விட்டது.

என் பெண்ணுக்குத்தான் கல்யாணம். தை இருபதாம் தேதி. மேகலா என்று பேர். வயது முப்பது முடிந்துவிட்டது. நீங்க கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்தது முகத்தில் தெரிகிறது. ஏன் இத்தனை தாமதம் என்றுதானே? ஏழரைச் சனி. வேறு ஒன்றுமே இல்லை. மகர ராசி, திருவோணம். ஏழு வருஷமாகப் பிடித்து வைத்திருந்தான், இப்போது விட்டுவிட்டான். எங்கள் ஊர் ஜோசியர் ஏகாம்பரம், சனி வக்கிரமாகப் பின்னால் போய்வந்ததில் ஏழரை எட்டைத் தாண்டும், இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி என்கிறார். அவர் சொல்வார். கம்ப்யூட்டர் முடிந்துவிட்டது என்கிறது. அதுவும் கடையில் வாங்கின கம்ப்யூட்டர் கணக்கு இல்லை. என் பெண்ணே எழுதின கணக்கு.

மேகலாவுக்குப் பெங்களூரில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது, நான் எட்டாவதோடு நின்றவள். புரிந்த மட்டும் சொல்கிறேன். பெரிய பெரிய தொலைநோக்கி இருக்கிறதே, அது எந்தப் பக்கம் திரும்பணும், எந்தக் கிரகம் எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிற ப்ரோக்ராம். அதில் ஒரு பகுதி இவளுடையது. சூரியன் வருஷம் முழுக்க வானத்தில் நடந்துபோகிற பாதை ஒன்று இருக்கிறதாம். அந்தப் பாதையை வட்டமாக வைத்து முந்நூற்றறுபது பாகமாகப் பிரித்து, இந்தக் கிரகம் இத்தனாவது பாகத்தில் நிற்கிறது, பாதைக்கு இவ்வளவு மேலே, இவ்வளவு கீழே என்று கம்ப்யூட்டருக்குப் பிசகாமல் சொல்லிக்கொடுக்கணும். அவ்வளவுதான்.

முதல்முறை அவள் சொன்னபோது, "அடியே, இது ராசிக்கட்டம்தானே? பன்னிரண்டு முப்பது முந்நூற்றறுபது. இதுக்கா உன்னை நாலு வருஷம் காலேஜ் படிக்க வச்சோம்? ஏகாம்பரம் அஞ்சாவதுகூடத் தாண்டலையே" என்றேன்.

அவள் சிரித்தாள். "கிட்டத்தட்ட அதேதாம்மா" என்றாள்.

அந்தக் 'கிட்டத்தட்ட'வை நான் அப்போதே கவனித்திருக்கணும்.

மாப்பிள்ளை பேர் கிரிதர். அதே ஆபீஸ். மேகலா எழுதுவதை இவர் சரிபார்க்கணும், இவர் எழுதுவதை மேகலா சரிபார்க்கணும். அப்படி ஒரு ஏற்பாடு அங்கே. ஓசூர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளிக்கு வந்தபோது மேகலா வெங்காயம் உரித்துக்கொண்டே, "அம்மா, கிரிதர்னு ஒருத்தர்" என்று ஆரம்பித்தாள். வெங்காயத்தால் கண்ணில் தண்ணீர் வந்தது, எனக்கும் வந்தது. இரண்டு பேரும் அதை வெங்காயத்தின் மேல் போட்டுவிட்டோம்.

எனக்கு இந்தச் சாதி, பாஷை எல்லாம் கிடையாது அம்மா. இதை நல்லாக் கேட்டுக்கோங்க. கோயிலில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவர் யார் என்று நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான். ஏழரை போகட்டும் என்றேன். வேண்டாம் என்று சொன்னேனா? இல்லையே. அவளும் மறுபேச்சுப் பேசவில்லை. "சரிம்மா" என்றாள். வருஷா வருஷம் வந்து, "எங்கேம்மா இருக்கார் உங்க ஆளு?" என்று சனியைப் பற்றி, ஏதோ மாமாவைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்பாள். நான் சொல்வேன். அவள் தலையாட்டிவிட்டுப் போவாள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் நாக்கு சும்மா இருக்காது. மின்வாரியத்தில் இருந்தவர், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார். "உன் பையன் தயாளனுக்கு ஜென்மச் சனியிலேதானே கல்யாணம் பண்ணினே? அப்ப சனி எங்க போயிருந்தார், லீவா?" என்பார். அது வேறு அம்மா. தயாளனுக்கு என் அண்ணன் பெண்ணை எடுத்தோம். சொந்தத்துக்குள் செய்தால் சனி அவ்வளவாகக் கண் வைக்க மாட்டான். சாஸ்திரத்தில் இருக்கும். மாடி எடுத்துக் கட்டினதும் மேகலாவுக்கு ஏழரை நடக்கும்போதுதான். ஆனால் வீடு என் பேரில் இருக்கு, என் ராசி வேறு. அதையெல்லாம் இவருக்கு எத்தனை முறை விளக்குவது?

விளக்கு மட்டும் நான் விட்டதில்லை. ஏழு வருஷம், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, ஈஸ்வரன் கோயில் நவக்கிரகத்தில் நல்லெண்ணெய் விளக்கு. மழை, காய்ச்சல், ஊரடங்கு எதுவும் நிறுத்தவில்லை. கோயில் பூட்டியிருந்தபோது வாசல்படியில் வைத்துவிட்டு வந்தேன். என் பெண்ணுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, அவ்வளவுதான் வேண்டுதல். கெட்ட எண்ணத்தில் யாராவது ஏழு வருஷம் எண்ணெய் ஊற்றுவார்களா, நீங்களே சொல்லுங்க.

இந்தப் புரட்டாசியில் என் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. விளக்குத் திரியே இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. மேகலா பெங்களூருக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் பண்ணினாள். ஒரு மாசம் அவள் வீட்டில் இருக்கணும் என்றார்கள். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு வேளை சொட்டு மருந்து. அந்த வாரம் பார்த்து அவளுக்கு ஆபீஸில் தலைக்கு மேல் வேலை, போயே ஆகணும். "கிரிதர் வீட்டிலிருந்து வேலை பாக்கலாம்மா, இங்கே வந்து உட்காந்துப்பார். சொட்டு அவர் போட்டுவிடுவார்" என்றாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. என் தம்பிகூட என் கண்ணிமையைத் தொட்டதில்லை.

முதல் நாள் ஒன்பது மணிக்கு வந்தார். லேப்டாப்பை வைத்தார். குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார். சொட்டை எடுத்தார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"அம்மா, கண்ணைத் திறந்தாத்தான் மருந்து உள்ளே போகும்."

"நான் மூடலை தம்பி. அதுவாவே மூடிக்குது."

"முருகனை நினைச்சுக்கிட்டு மேலே ஃபேனைப் பாருங்க."

"ஃபேன்லே முருகன் எங்கே தம்பி இருப்பான்?"

"எங்கேயும் இருப்பான்னு காலையிலே நீங்கதானே பாடிட்டிருந்தீங்க. மாடிப்படி வரைக்கும் கேட்டுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கண் திறந்துதானே ஆகணும். சொட்டு விழுந்துவிட்டது. நாலாம் நாள் எல்லாம் குழாய் திறக்கிற சத்தம் கேட்டாலே நான் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பேன். ஆறு வேளைக்கும் போனில் மணி வைத்திருந்தார். ஒரு வேளை தப்பவில்லை. ஏழு வருஷ விளக்குக்காரி சொல்கிறேன், தப்பாமல் செய்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

அவருடைய அம்மா ரத்னம்மா. ஓசூரில் தொழிற்பேட்டைப் பக்கம் சின்னதாக மெஸ் நடத்துகிறார்கள். வீட்டுக்காரர் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தூக்குச்சட்டியோடு வந்துவிட்டார்கள். "அக்கா, உங்களுக்கு இப்ப மிளகாய் ஆகாது. மிளகுச் சாறு வச்சிருக்கேன், ராகிக் களி இருக்கு, கீரை இருக்கு" என்று எடுத்து வைத்தார்கள். கூடவே போளி. அவர்கள் ஒப்பட்டு என்கிறார்கள், வாயில் போட்டால் போளிதான். என்னைவிட நன்றாகவே செய்திருந்தார்கள். அதை நான் எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

சாயங்காலம் வரைக்கும் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே பேசினார்கள். மெஸ்ஸில் சாப்பிட வருகிற பையன்களைப் பற்றி, ஓசூர்க் குளிரைப் பற்றி, முட்டுவலியைப் பற்றி. கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் எனக்குத் தொந்தரவாகப் போய்விட்டது. கேட்டிருந்தால் நான் பாட்டுக்கு ஏழரையைச் சொல்லியிருப்பேன். கேட்கவே இல்லையே. கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்கள்.

"நான் அவசரப்படுத்த வரலை அக்கா. உங்க சாமி எப்ப விடுறாரோ அப்ப. அதுக்குள்ள பிள்ளைங்களுக்குத் தலை நரைச்சாலும் பரவாயில்லை, நல்ல சாயமா நானே வாங்கித் தர்றேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எனக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. களி கனமாக இருந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் வீட்டில் ஒரு சண்டை. மேகலாவுக்கும் கிரிதருக்கும். சாப்பாட்டு மேசையில் இரண்டு லேப்டாப்பையும் எதிரும் புதிருமாக வைத்துக்கொண்டு. விஷயம் என்ன என்றால், ஸ்க்ரீனில் கிரகத்தின் எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி வரும். இந்த எண்ணை எந்தப் பூஜ்யத்திலிருந்து எண்ணினது, எந்தத் தேதிப் பூஜ்யம் என்று சொல்கிற வரி. ஏனென்றால் அந்தப் பூஜ்யம் ஒரே இடத்தில் நிற்காதாம், கொஞ்சம் கொஞ்சமாக நகருமாம். சில பேர் இரண்டாயிரமாவது வருஷம் அது இருந்த இடத்திலிருந்து எண்ணுவார்கள், சில பேர் இன்றைக்கு இருக்கிற இடத்திலிருந்து. இரண்டுக்கும் முக்கால் நிலா அளவு வித்தியாசம் வந்துவிடுமாம். ஸ்க்ரீன் நெரிசலாக இருக்கிறது என்று கிரிதர் அந்த வரியை எடுத்துவிட்டார். மேகலா பிடித்துக்கொண்டாள்.

"பார்க்கிறவனுக்குத் தெரியாதா மேகலா? எல்லாம் படிச்சவன்தானே."

"தெரியும்னு நாம எப்படி நினைக்கலாம்? எண்ணை மட்டும் அனாதையா வெளியே அனுப்பக்கூடாது கிரி. எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லித்தான் அனுப்பணும். நான் இருக்கிற வரைக்கும் அந்த வரி இல்லாம ஒரு எண்ணு இந்த ப்ரோக்ராம்லேருந்து போகாது."

ஒரு பகல் முழுக்க இருவரும் பேசவில்லை. கடைசியில் கிரிதர்தான் வரியைத் திரும்பப் போட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெறும் எண்ணுக்கே எந்த ஊர், எந்த வழி என்று விசாரிக்கிறாள் பாருங்க. என் ரத்தம்.

கிருஷ்ணகிரி இன்னும் வரவில்லையே? கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

கேளுங்க. ஐப்பசியில் ஒரு காலை. நான் ஊருக்குத் திரும்ப நாலு நாள் இருக்கு. கண் நன்றாகத் தெளிந்துவிட்டது. மருந்துப் பாட்டிலில் எறும்பு சைசில் எழுதியிருப்பதைக்கூடப் படித்துவிடுவேன். காபி குடித்துவிட்டு மேகலா குளிக்கப் போனாள். எப்போதும் லேப்டாப்பை மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அன்றைக்கு அப்படியே திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள், அதுவும் என் நாற்காலிக்கு நேராக. நான் ஒன்றையும் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். ஸ்க்ரீன் முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. புள்ளிக்குப் பக்கத்தில் தமிழில் சனி என்று எழுதியிருந்தது. அந்த ப்ரோக்ராமில் எல்லாமே இங்கிலீஷில்தான் இருக்கும். அன்றைக்கு என்னவோ தமிழ். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் முந்நூற்று நாற்பத்து மூன்று.

என் கை தானாகக் கணக்குப் போட்டது. ஒரு ராசிக்கு முப்பது. பதினொரு ராசி தாண்டினால் முந்நூற்று முப்பது. மிச்சம் பதின்மூன்று. அப்படி என்றால் பன்னிரண்டாவது ராசி. மீனம். மீனத்தில் பாதி தூரம் போயிருக்கிறான். மகரத்துக்கு ஏழரை என்பது தனுசு, மகரம், கும்பம் மூன்றோடு சரி. கும்பத்தை விட்டான் என்றால் முடிந்தது. இவன் எப்போதோ விட்டிருக்கிறான். ஏகாம்பரம் பஞ்சாங்கத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமல், புதுக் கண்ணால். மேசை மேலேயே கையெடுத்துக் கும்பிட்டேன். அப்புறம் போனை எடுத்து, மேகலாவிடம்கூடச் சொல்லாமல், ரத்னம்மாவைக் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, எங்க சாமி விட்டுட்டாரு. தையிலே வச்சுக்கலாம்."

அந்தப் பக்கம் பாத்திரம் கீழே விழுகிற சத்தம் கேட்டது. மெஸ்ஸில் சாம்பார் வாளியாம், பின்னால் சொன்னார்கள்.

மேகலா அன்றைக்கு அரை மணி நேரம் குளித்தாள். எப்போதும் ஐந்து நிமிஷத்தில் வருகிறவள். அரை மணி நேரம் குளித்துவிட்டு வருகிறாள், தோளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பாவம், தண்ணீர் வரவில்லை போல. பெங்களூரில் அந்தக் கஷ்டம் உண்டு. விஷயத்தைச் சொன்னேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். பத்தாவது படிக்கும்போது வைத்தது, அதற்கப்புறம் அன்றைக்குத்தான்.

நாலாம் நாள் ஊருக்கு வந்தேன். முதல் வேலையாக ஏகாம்பரத்திடம் போனேன். மனசுக்குள் கொஞ்சம் கர்வம்தான். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார்.

"சனி கும்பத்திலேதாம்மா இருக்கார். மீனத்திலே கால் எடுத்துக்கூட வைக்கலை. வர்ற மாசிக்கு அடுத்த மாசிதான். வேற பஞ்சாங்கக்காரங்க ஒரு வருஷம் முன்னாடி, இந்தப் பங்குனிம்பாங்க. எப்படிப் பாத்தாலும் உங்க தை அதுக்கு முன்னாடி வருது. பாப்பா கம்ப்யூட்டர் வெள்ளைக்காரன் கணக்கு."

ரத்னம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. மண்டபத்துக்குக் கிரிதர் பணம் கட்டிவிட்டார். இதில் சனி அங்கேயே உட்கார்ந்திருந்தால், தெரிந்தே என் பெண்ணைக் கிணற்றில் தள்ளுகிற மாதிரி ஆகாதா? வீட்டுக்குக்கூடப் போகவில்லை. கோயில் மதிலோரம் நின்று மேகலாவுக்குப் போன் போட்டேன்.

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. "அம்மா, செங்கத்திலேருந்து கிருஷ்ணகிரி எவ்வளவு தூரம்?" என்றாள்.

"எழுபது, எழுபத்தஞ்சு."

"பெங்களூர்லேருந்து?"

"தொண்ணூறு இருக்கும்."

"ரெண்டு எண்ணு சொன்னியே, கிருஷ்ணகிரி நகர்ந்துச்சா? நீ எங்க நின்னு எண்ணினே, அதான் மாறிச்சு. பஞ்சாங்கம் ஒரு நட்சத்திரத்தைக் குறி வச்சு எண்ணுது. நாங்க பங்குனியிலே பகலும் ராத்திரியும் சமமா இருக்கிற அன்னிக்குச் சூரியன் நிக்கிற இடத்திலேருந்து எண்ணறோம். ரெண்டு பூஜ்யமும் ஒரு காலத்திலே ஒண்ணா இருந்துச்சு. எழுபத்திரண்டு வருஷத்துக்கு ஒரு பாகம் வீதம் விலகி விலகி, இப்ப இருபத்துநாலு பாகம் தள்ளிப் போயிடுச்சு. உன் முந்நூத்தி நாப்பத்தி மூணிலே இருபத்துநாலைக் கழிச்சுப் பாரு."

கழித்தேன். முந்நூற்றுப் பத்தொன்பது. பத்து ராசி தாண்டி மிச்சம் பத்தொன்பது. கும்பம்.

"அப்போ ஏழரை?"

"பஞ்சாங்கத்துக்கு இருக்கும்மா."

"எதுடி நிஜப் பூஜ்யம்?"

"ரெண்டும் நாம வச்சதுதாம்மா. வானத்திலே யாரும் கல் நட்டு வைக்கலை. எதை வச்சோம்னு சொல்லிட்டா ரெண்டும் சரி. சொல்லாம விட்டாத்தான் தப்பு." அப்புறம், "நிறுத்தணும்னா சொல்லும்மா. ரத்னம்மா ஆன்ட்டிகிட்ட நானே பேசிக்கறேன், உன்னைப் பேச விடமாட்டேன். இன்னும் ஒண்ணரை வருஷம்தானே" என்றாள்.

சின்ன வயதில் மார்க் குறைந்த அன்றைக்குச் சமையலறை வாசலில் நின்று பேசுவாளே, அந்தக் குரல்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "எல்லா எண்ணுக்கும் கீழே அந்த வரி இருக்கணும்னு சண்டை போட்டியே. அன்னிக்குச் சனிக்குக் கீழே ஏன் இல்லை? இருந்திருந்தா என் கண்ணுக்குத் தப்பாதே."

"அன்னிக்கு... ஏதோ சோதனை பண்ணிட்டிருந்தேம்மா. எடுத்திருப்பேன். மறுநாளே திரும்ப வச்சுட்டேன்." பக்கத்தில் கிரிதர் இருமுவது கேட்டது. பெங்களூர்ப் பனி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல.

குழந்தைக்கு வேலை அதிகம் அம்மா. அந்த ஒரு வரிக்காக உயிரை விடுகிறவள், அன்றைக்குப் பார்த்து மறந்திருக்கிறாள் என்றால் எவ்வளவு களைத்திருக்கணும். இல்லை என்றால் அது அவள் செய்தது இல்லை. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஏழு வருஷம் எண்ணெய் ஊற்றினவளுக்கு அவனே காட்டியிருக்கிறான். தமிழில் பேர் எழுதி, பெரிய எழுத்தில் எண்ணைப் போட்டு, என் நாற்காலிக்கு நேராக.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். அன்றைக்குச் சனிக்கிழமை. நவக்கிரகத்தில் கூட்டம் இல்லை. விளக்கு ஏற்றினேன். வேண்டுதல் வாயில் வரவில்லை. கண்ணை மூடினால் குழாய் சத்தம் கேட்கிறது. நிமிர்ந்து பார்த்தேன், மேலே கல் கூரை. பழக்க தோஷம். அப்படியே அவனிடம் பேசினேன். "நீ எங்கே நிக்கிறேன்னு உனக்குத் தெரியும். எண்ணுறது நாங்கதான். ஏகாம்பரம் ஒரு மாதிரி எண்ணுறார், என் பொண்ணு ஒரு மாதிரி எண்ணுறா. ரெண்டு பேரும் பொய் சொல்றவங்க இல்லை. எனக்குக் கணக்கு இவ்வளவுதான் வரும். அந்தத் தம்பி ஆறு வேளையும் தப்பலை. அதை நீயும் பார்த்திருப்பே" என்றேன். விளக்கு கொஞ்சம் ஆடினது. காற்றும் அடித்தது, இல்லை என்று சொல்லவில்லை.

வெளியே வரும்போது எனக்கு வழி தெரிந்துவிட்டது. கல்யாணம் மேகலாவின் பூஜ்யத்தில். விளக்கு ஏகாம்பரத்தின் பூஜ்யத்தில். தையில் தாலி கட்டிவிடுவது. எண்ணெய் மட்டும், ஏகாம்பரம் சொன்ன அந்த மாசி வரைக்கும் ஒரு சனிக்கிழமை விடாமல் ஊற்றிவிடுவது. எந்தப் பக்கத்துக் கணக்கிலும் நிலுவை கிடையாது. மேகலாவுக்குப் போன் பண்ணி, "மண்டபத்தை விட்டுடாதே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சினாள். அவளுக்கும் அந்தப் பனி பிடித்திருக்கும்.

வீட்டுக்காரர் கேட்டுவிட்டுப் பேப்பரை மடக்கினார். "பரவாயில்லை, சனி பகவானுக்கே ரெண்டு வீடு பார்த்துக் கொடுத்துட்டே. எதிலே வேணும்னாலும் இருந்துக்கட்டும்" என்றார். ஆனால் பத்திரிகை அச்சுக்குக் கொடுக்க வேட்டி மாற்றிக்கொண்டு முதலில் கிளம்பினது அவர்தான். முதல் பத்திரிகையை மார்கழி பிறக்கிறதுக்குள் ரத்னம்மா கையில் கொடுத்துவிடணும் என்றுதான் இப்போது போகிறேன். பையில் எள்ளுருண்டையும் இருக்கு. அவர்கள் போளிக்கு ஏதாவது பதில் சொல்லியாகணுமே.

சூளகிரி தாண்டிவிட்டதா? அடடா, கிருஷ்ணகிரி எப்போது போச்சு? நானே பேசிக்கொண்டு வந்துவிட்டேன், நீங்க ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்? ஒரே பையனா. கல்யாணம்? ஓ. என்ன ராசி? கடகமா. கடகத்துக்கு இப்போது அஷ்டமச் சனி ஆயிற்றே. உங்கள் ஜோசியரும் காத்திருக்கச் சொல்கிறாரா? அப்படி என்றால் காத்திருங்க அம்மா. சொல்கிறேனே என்று நினைக்காதீங்க, சனியோடு மட்டும் விளையாடவே கூடாது. நான் ஏழு வருஷம் காத்திருந்தவள்.

பையன் யாரையாவது பார்த்து வைத்திருக்கிறானா? உம். அதுதான் உங்க முகத்தில் தெரிகிறது. வேற ஆட்களா. சரி, சரி, சொல்ல வேண்டாம். எனக்கு அதெல்லாம் கிடையாது.

இல்லை, நீங்க சொல்வதும் சரிதான். மேகலாவிடம் கேட்டால் சனி எங்கே நிற்கிறான் என்று நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவாள். என் நம்பரைக் குறித்துக்கோங்க. ஆனால் உடனே போன் பண்ணாதீங்க. முதலில் ஒரு நடை அந்தப் பெண் வீட்டுக்குப் போங்க. பெண் கேட்பதற்காக இல்லை, சும்மா போங்க. ஒரு வேளை அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்க. சாப்பிட்டுவிட்டு வந்து எனக்குப் போன் பண்ணுங்க. எந்தப் பூஜ்யத்திலிருந்து எண்ணச் சொல்வது என்று அப்போதுதான் மேகலாவிடம் எனக்குச் சொல்லத் தெரியும்.

ஓசூர் வந்துவிட்டது. அந்தப் பையை இப்படிக் கொடுங்க. பார்த்து, பத்திரிகை கசங்கிவிடப் போகிறது. அதோ, பச்சைப் புடவை, கையில் தூக்குச்சட்டி, வண்டி நிற்பதற்கு முன்னாலேயே ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வருகிறார்களே, அவர்கள்தான் என் சம்பந்தி.